ஆவாரம் பூத்த மேட்டாங்காடு

கோயம்புத்தூருக்குள் ஆவாரம்பாளையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. மோட்டார் பம்புக்கும் வார்ப்படத்துக்கும் லேத் பட்டறைகளுக்கும் பேர்போன இடம். பக்கத்திலேயே பீளமேடு, பழைய ஆட்கள் வாயில் அது பூளைமேடு. ஆவாரையும் பூளையும், தைப்பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டாகக் கொங்கு வீடுகளின் கூரையில் வேப்பிலையோடு சேர்த்துச் செருகப்படுகிற செடிகள். அவை மண்டிக் கிடந்த மேடுகளின் மேல்தான் இந்த நகரம் எழுந்தது. நான் நடந்து பார்த்த தெருக்களில் ஒரு ஆவாரம்புதர்கூடக் கண்ணில் படவில்லை. செடி இன்னும் தன் சொந்த மண்ணில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவர, மார்கழிக் கடைசியில் கிழக்கே காங்கேயம் பக்கம் புறப்பட்டேன்.

புறப்படும் முன் மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில் நின்றேன். போகிக்கு முந்தைய விடியல். மல்லிகையும் செவ்வந்தியும் உள்ளே இருக்க, காப்புக்கட்டுச் சாமான் முழுக்க வெளியே சாலையோரத்தில் குவிந்திருந்தது. வேப்பங்கொத்து, வெள்ளை வெள்ளையாகப் பூளைப்பூ, நடுவில் ஆவாரம். மூன்றையும் வாழை நாரால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

“முன்னெல்லாம் இங்கயே மதுக்கரைப் பக்கம் போனாப் போதுங்க. இப்ப பல்லடம் தாண்டிப் போறாங்க. சைட்டு போட்டுட்டாங்கன்னா அந்தக் காட்டுக்கு அடுத்த வருசம் போக முடியாதுங்களே.”

அவர் கையில் இருந்தது பூ மட்டும் அல்ல. அடித்தூரோடு அரிவாளால் அறுத்த முழுக் கொப்புகள். பிஞ்சும் மொட்டுமாக நின்ற செடி அப்படியே கட்டுக்குள் இருந்தது.

கோவையின் வறட்சியைப் புரிந்துகொள்ள மேற்கே மலையைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடரின் கேரளப் பக்கமே பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருவது ஈரம் தீர்ந்த காற்று. ஆனி, ஆடியில் பல்லடம், தாராபுரம், உடுமலை வெளிகளில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்கே விவசாயிக்குக் கணக்கு. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் கொங்குச் சமவெளியின் பெரும்பகுதிக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் நல்ல வருடம். மண்ணும் ஆழமில்லை; செம்மண்ணுக்குக் கீழே சரளை, அதற்குக் கீழே சுக்கான்கல். கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் பாறையின் கதையைத்தான் சொல்வார்கள். இந்த மண்ணையும் இந்த மழையையும் வைத்துக்கொண்டு, யாரும் நீர் ஊற்றாமல், பெரும்பாலான மாதங்களில் இலை உதிர்க்காமல், வருடத்தில் பல மாதம் பூக்கிற செடி ஆவாரை. இதைவிடக் கொங்கு மண்ணுக்குப் பொருத்தமான ஒரு பூஞ்செடி எனக்குத் தெரியாது.

சூலூர் தாண்டிப் பல்லடம் வரை சாலையின் இருபக்கமும் வேலி போட்ட மனைகள். வண்ணம் பூசிய எல்லைக்கற்கள், கொடிகள், வளைவுகள். பல்லடத்துக்குக் கிழக்கே போகப் போக வெளி விரிகிறது. கோழிப்பண்ணைகள், தென்னை, இடையிடையே மானாவாரிக் காடு. கொங்கில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை. மழையை நம்பிய மேட்டு நிலம். அந்த மேட்டாங்காட்டின் வரப்புகளில்தான் முதல் ஆவாரம்புதர்களைக் கண்டேன். வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

இடுப்பளவு உயரம். சில புதர்கள் தலைக்கு மேல் போகும். அடியிலிருந்தே பல கிளை. பட்டை செம்பழுப்பு. ஒவ்வொரு இலையும் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் கொண்டது. இணைகளுக்கு இடையே காம்பின் மேல் சிறு குச்சி போன்ற சுரப்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன. இலை தண்டில் சேரும் இடத்தில் காது மடல் போல வளைந்த இரண்டு செதில்கள். இந்தச் செதில்களைப் பார்த்துவிட்டால் வேறெந்தச் செடியோடும் ஆவாரையைக் குழப்பிக்கொள்ள முடியாது. சாலையோர நிழலுக்கு நடும் மஞ்சள் கொன்றையையும், குப்பைமேட்டில் முளைக்கும் பேயாவரையையும் ஆவாரை என்று பறித்துப் போகிறவர்கள் இந்தக் காதைத் தேடினால் போதும். கார்ல் லின்னேயஸ் 1753-இல் இதற்குத் தாவரவியல் பெயர் வைத்தபோது அவரும் இதே காதைத்தான் பிடித்துக்கொண்டார். அப்போது கொன்றையோடு ஒரே இனத்தில் வைக்கப்பட்டிருந்த செடி, பிற்பாடு சென்னா இனத்துக்கு மாறியது. இன்றைய பெயர் சென்னா ஆரிகுலேட்டா.

பூவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐந்து இதழ், பொன் மஞ்சள், விளிம்பு சுருக்கம் விழுந்தது. நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். மேலே இருக்கும் மூன்றும் மலடு; கீழே வளைந்து நீண்டவை பெரியவை. இந்தப் பூவில் தேன் கிடையாது. ஒரு சொட்டுகூட இல்லை. வருகிற பூச்சிக்கு மகரந்தத் தூள் மட்டுமே கூலி. அந்தத் தூளும் வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பைகள் மூடியே இருக்கும்; நுனியில் மட்டும் ஒரு துளை. தேனீ எவ்வளவு சுரண்டினாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. கருவண்டு வந்தால்தான் காரியம் நடக்கும். காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும், நீலம் மின்னும் சிறகுடைய அந்தப் பெரிய வண்டு, பூவைக் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே சிறகுத் தசையை மட்டும் அதிர வைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியாகத் தூள் பீய்ச்சி அடிக்கிறது. பறக்கும்போது எழுப்பும் ரீங்காரம் தாழ்ந்த ஒலி. பூவில் உட்கார்ந்து அதிர்க்கும்போது அது சட்டென்று ஏறி, கீச்சென்று ஒலிக்கும். புதருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தால் யார் காதுக்கும் இரண்டு ஒலிக்கும் உள்ள வித்தியாசம் கேட்கும். கேட்டுப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லித் தர இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

ஒரு கணக்கு இதில் இருக்கிறது. கருவண்டு பெருக அதற்குக் காய்ந்த மரம் வேண்டும், பழைய மூங்கில் வேண்டும், பட்டுப்போன கொம்பு வேண்டும். வேலியும் வரப்பும் “சுத்தம்” செய்யப்பட்ட தோட்டத்தில் வண்டுக்கு வீடில்லை. வண்டு இல்லாத இடத்தில் ஆவாரை பூக்கும், காய்ப்பது குறையும். இலைகளுக்கும் வாடிக்கையாளர் உண்டு. கொன்னை வெள்ளையன் வகை வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரை போன்ற செடிகளில் முட்டையிடுகின்றன; புழுக்கள் அந்த இலையைத் தின்று வளர்கின்றன. கோவை வழியாகக் கூட்டம் கூட்டமாக வலசை போகிற பூச்சிகளில் இவையும் சேர்த்தி.

காங்கேயத்துக்கு வடக்கும் தெற்கும் கொறங்காட்டு நாடு. தமிழகத்தில் மேய்ச்சல் நிலத்தை இவ்வளவு ஒழுங்கோடு வைத்திருக்கும் வட்டாரம் வேறில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு கொறங்காட்டைச் சுற்றியும் கிளுவை முள்வேலி. உள்ளே தூரம் தூரமாக வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் ஒரு காட்டில் மேய்ந்து முடித்ததும் அடுத்ததற்கு மாற்றப்படும். மேய்ந்த காடு மழைக்காக ஓய்வெடுக்கும். கோடையில் புல் தீர்ந்தால் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்கு உணவாகும். உரமோ பாசனமோ இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு இது. அந்த வேலி ஓரங்களில், வெள்வேல நிழல் படாத மேட்டில், ஆவாரை பூத்துக் கிடந்தது.

படலைத் திறந்துகொண்டு வெளியே வந்த பெரியவர் ஒருவர், நான் புதரின் முன் நிற்பதைப் பார்த்து நின்றார்.

“வாங்க, வாங்க. எந்தூருங்க?”

சொன்னேன். மாட்டைப் பார்க்க வந்திருப்பேன் என்று நினைத்தாராம். காங்கேயம் காளை பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஆவாரஞ்செடியைப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி.

“இத வெட்டாம வுட்டிருக்கீங்களே, ஏனுங்க?”

“வெட்டி என்னங்க பண்றது? ஆடு மாடு இதுல அவ்வளவா வாய் வெக்காதுங்க. அதுதான் இதோட கொணமே. மத்த எடத்துல புல்லு மொட்டையா மேஞ்சு தீர்ந்துரும். இந்தத் தூருக்குள்ள மாட்டு வாய் போகாதுங்க. இங்க பாருங்க.” புதரை விலக்கிக் காட்டினார். நடுத்தூரில் கொழுக்கட்டைப் புல் கதிரோடு நின்றது. “கோடையெல்லாம் இது தப்பிச்சு நிக்குமுங்க. மழை புடிச்சா இதுல இருந்துதான் வெதை போயிக் காடு பூராப் பரவும். எங்க அப்பாரு சொல்லுவாரு, ஆவாரந்தூரு காட்டுக்குக் குதிர்னு.”

நான் படித்த எந்தக் கட்டுரையையும்விடத் தெளிவாக ஒரு புதரின் பயனைச் சொல்லிவிட்டார். தொடர்ந்து அவர் சொன்னவையும் குறித்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் காட்டுவழி போகிறவர்கள் ஆவாரந்தழையைத் தலையில் வைத்துத் துண்டைக் கட்டிக்கொள்வது. கவுதாரி அதன் அடியில் முட்டையிடுவது. வயல்காரர்கள் வண்டி வண்டியாகத் தழை வெட்டிக்கொண்டு போய்க் களர் நிலத்தில் மிதித்து விடுவது. கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டு விவசாயத்தில் நெடுங்காலம் புழங்கிய முறை. உவர் ஏறிய மண்ணில் தழையுரமாக ஆவாரைக்கு நல்ல பெயர் உண்டு. இத்தனைக்கும் பயறு, அவரை போல வேரில் முடிச்சு வைத்துக் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிற செடியல்ல இது. தன் ஆழ்ந்த வேரால் கீழே இருப்பதை மேலே கொண்டுவருகிறது, இலையாகத் தருகிறது.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஊதியூர் மலை. சுற்றிலும் சமவெளி, நடுவில் பாறையும் முட்புதருமாக ஒரு நீண்ட குன்று. மேலே உத்தண்ட வேலாயுதசுவாமி கோவில். கொங்கணச் சித்தர் தவம் செய்த மலை என்பது வட்டாரத்தார் நம்பிக்கை. ஆவாரையைச் சரிவில் பார்க்க ஆசைப்பட்டேன், இங்கே பார்த்தேன். படிக்கட்டின் இரு பக்கமும், மண் ஒரு சாண்கூட இல்லாத பாறை இடுக்குகளில், தெற்கு நோக்கி வெயில் நேராக அடிக்கும் முகத்தில்தான் புதர்கள் அதிகம். நிழல் விழும் மடிப்புகளில் குறைவு. வெயிலைத் தேடிப் போகிற செடி. அடிவாரத்தில் தட்டையான பழுப்புக் காய்கள் காற்றில் சலசலத்தன. விரல் நீளம், உரித்தால் பத்துப் பதினைந்து விதை. விதையின் தோல் கல்லைப் போலக் கெட்டி. ஒரே மழைக்கு எல்லா விதையும் முளைத்து, பிறகு மழை பொய்த்து எல்லாம் காய்ந்துபோகிற ஆபத்து இதற்கு இல்லை. சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு, சில இன்னும் பொறுத்து முளைக்கும். வறண்ட நாட்டில் உயிர் பிழைக்க இதுவே வழி.

சித்தர் மலையில் நின்றுகொண்டு மருந்தைப் பேசாமல் போக முடியாது. பூ, இலை, காய், பட்டை, வேர் ஐந்தும் சேர்ந்தது ஆவாரைப் பஞ்சாங்கம். மதுமேகம் என்று சித்த மருத்துவம் சொல்லும் நீரிழிவுக்குத் தரும் ஆவாரைக் குடிநீரில் இதுதான் தலைமைச் சரக்கு. கொன்றை, நாவல், கடலழிஞ்சில், மருதம்பட்டை முதலியவை துணைக்கு வரும். இலங்கையில் இந்தப் பூவைக் காயவைத்து ரணவரா என்ற பெயரில் தேநீர் போலக் குடிக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளிலும் ஆவாரம்பூப் பொடி இப்போது டப்பாவில் வருகிறது. ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்று பொருள்படும் பழமொழியையும் டப்பாவின் மேல் அச்சிட்டு விடுகிறார்கள். செடியின் மேல் எனக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிட்டுப் பூப்பொடியை நம்புவது உயிருக்கு ஆபத்து. ஆவாரையின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையில்லை.

இதன் பழம்பெருமை நூல்களில் இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களின் நீண்ட வரிசையில் ஆவிரையும் ஒன்று. கலித்தொகையில் காதல் கைகூடாத இளைஞன் மடல் ஏறி ஊர் நடுவே வரும்போது எருக்கோடு சேர்த்து அணிவதும் இந்தப் பூதான். மணமில்லாத, யாரும் விலை கொடுத்து வாங்காத, ஊருக்கு வெளியே பூத்துக் கிடந்த பூவைச் சூடி வந்தால் அவன் நிலை ஊருக்கே புரிந்துவிடும். இன்றைக்கு அதே பூவைத்தான் கொங்கு வீடுகள் மங்கலத்துக்குக் கட்டுகின்றன. காப்புக்கட்டு நாள் பொழுதோடே வீட்டு முகடு, மாட்டுத்தாவாரம், தோட்டத்தின் சனிமூலை, கிணற்றுமேடு எல்லா இடத்திலும் அது செருகப்பட்டிருந்ததைக் காங்கேயம் வட்டாரம் முழுக்கப் பார்த்தேன்.

பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோம்பிக்குச் சென்னிமலைப் பக்கம் போனேன். காங்கேயத்திலிருந்து வடக்கே நொய்யலைக் கடக்க வேண்டும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பளிங்காகப் புறப்படும் ஆறு, திருப்பூரின் சாயக்கழிவை வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறிய வரலாறு தமிழகம் அறிந்தது. அந்த நதிக்கரை ஊர்களிலும் மேட்டில் ஆவாரை இருக்கிறது என்பது மனதுக்குச் சற்று ஆறுதல் தந்தது.

நோம்பி என்பது இதுதான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் முறுக்கு, கரும்பு, கட்டுச்சோற்றோடு காட்டுக்குப் போகிறார்கள். ஆவாரம்பூப் பறிக்கிறார்கள். வட்டமாக நின்று கும்மி அடித்துப் பாடுகிறார்கள். சாப்பிடுகிறார்கள். பொழுது சாய ஊர்ப் பிள்ளையார் கோவிலுக்குப் பூவோடு திரும்புகிறார்கள். ஆறு, ஓடை பக்கத்தில் இருக்கும் ஊர்களில் பூவைத் தண்ணீரில் விடுவதும் உண்டு. முறை ஊருக்கு ஊர் மாறும். ஆண்கள் தூரத்தில் நிற்க வேண்டும். நானும் தூரத்தில்தான் நின்றேன். சின்னப் பெண் ஒருத்தி எட்டாத கொப்பை இழுத்து ஒடிக்கப் போக, பின்னால் வந்த ஆத்தா அதட்டியது என் காதில் விழுந்தது.

“கொப்ப ஒடிக்காத கண்ணு. பூவ மட்டும் கிள்ளு. அடுத்த நோம்பிக்கும் நாம இங்கதான வரோணும்?”

ஒரு பெண் வயல், கிணறு, வேலை எதையும் கேட்காமல் நாள் முழுக்கத் தன் தோழிகளோடு வெட்டவெளியில் இருக்க, ஊரே சம்மதித்துத் தந்த நாள் இது. அதற்குக் காரணமாக நிற்பது ஒரு புதர். அங்கிருந்த பெண்களில் பலர் திருப்பூர், பெருந்துறை வேலைக்குப் பேருந்தில் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் சொன்னார், முன்பு ஊரை ஒட்டியே பூப்பறித்தார்களாம். இப்போது டெம்போ பிடித்து வருகிறார்கள். ஊரை ஒட்டிய காட்டில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. இன்னொரு பக்கம் மனை.

தெலங்கானாவில் இதே செடிக்குத் தங்கேடு என்று பெயர். 2014-இல் மாநிலம் பிறந்ததும் அதைத் தங்கள் மாநில மலராக அறிவித்துவிட்டார்கள். பதுக்கம்மா பண்டிகைக்குப் பெண்கள் கட்டும் பூக்கோபுரத்தில் தங்கேட்டுப் பூவுக்கு முதலிடம். நம் மாநில மலரான செங்காந்தளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தினம் மிதிபடுகிற நிலத்தின் பூவை அரியணையில் ஏற்றிய அந்த மனதை மதிக்கிறேன்.

பயணத்தின் கடைசி நிறுத்தம் ஈரோடு. ஆவாரைக்கும் ஈரோட்டுக்கும் உள்ள உறவு பூவில் இல்லை, பட்டையில். ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து சுமார் 18 சதவீதம். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் அழுகாமல் தோல்பொருளாக மாற அந்தத் துவர்ப்பு வேண்டும். சுண்ணாம்பில் மயிர் கழிந்த தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு கடுக்காய்த் தண்ணீரில் தோய்த்து, எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். இப்படிப் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் “ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்” என்ற பெயரில் லண்டன் சந்தையில் விலைபோனது. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பல்லாவரம் எல்லாம் அந்தத் தொழிலில் வளர்ந்தவை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பூட்ஸுக்கு இந்தத் தோல் ஏராளமாகத் தேவைப்பட்டது. அரசே வாங்கும் பொறுப்பை ஏற்றது. பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. பிரான்சின் சேற்றில் நடந்த சிப்பாய் பூட்ஸில் தென்னிந்திய மேட்டாங்காட்டின் துவர்ப்பு இருந்திருக்கிறது.

ஒருபக்கம் மாற்றும் வந்துகொண்டிருந்தது. 1903-இல் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் இறங்கியது. ஆவாரையைப் போலக் கிட்டத்தட்ட இருமடங்கு துவர்ப்பு அதில். பின்னர் அந்த வாட்டில் மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளின் மேல் நட்டோம். சோலைகளையும் புல்வெளிகளையும் அது விழுங்கியதை இன்று வனத்துறையே சரிசெய்யப் போராடுகிறது. ஆவாரம்பட்டையின் சந்தை படிப்படியாகச் சுருங்கியது.

பட்டை உரித்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். கோடையில் வேறு கூலி இல்லாத நாளில் இது சோறு போட்டது. வரைமுறையின்றி உரித்ததில் புதர்கள் பட்டுப்போனதும் உண்மை. ஆனாலும் ஒன்று கவனிக்க வேண்டும். பட்டைக்கு விலை இருந்தவரை ஆவாரங்காட்டை யாரும் வெறும் நிலம் என்று எழுதவில்லை. விலை போனதும் நிலத்துக்குப் பெயர் மாறியது. தேசியத் தொலையுணர்வு முகமை தயாரித்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000-இல் முதன்முதலாக வந்தது. அதில் தரிசு என்று பிரித்த வகைகளில் புதர்க்காடும் ஒன்று. கவுதாரி முட்டையிடும் இடம், புல் விதை தப்பும் இடம், கருவண்டு உழைக்கும் இடம், பெண்கள் கும்மி அடிக்கும் இடம், எல்லாம் அந்த ஒரு நிறத்துக்குள் போய்விட்டது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்கு முதலில் வருவது ஜேசிபி. வீட்டுமனைக்கு, சோலார் தகடுக்கு, குப்பைக் கிடங்குக்கு. சில நேரம் மரக்கன்றுக்கும். நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள்தான், ஆவாரை, சூரை, காரை, கிளுவை எல்லாவற்றையும் வழித்தெறிந்துவிட்டு வரிசையாகக் குழி தோண்டி, லாரித் தண்ணீர் தேவைப்படும் மரங்களை நடுகிறார்கள். இரண்டு கோடையில் பாதி காய்கிறது. குழிகளில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் முளைக்கின்றன. தமிழக அரசு 2022-இல் அந்நியக் களைகளை அகற்றக் கொள்கை வகுத்தது நல்ல தொடக்கம். அகற்றிய இடத்தில் என்ன வரவேண்டும் என்பதில் புதர்களுக்கும் இடம் தர வேண்டும்.

கலிஃபோர்னியாவின் வறண்ட மலைச்சரிவுகளில் சியனோதஸ் என்ற நீலப்பூப் புதர் உண்டு. அங்கேயும் மழை சில மாதங்களுக்கு மட்டும், கோடை நீளம். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சரிவிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, நாற்றங்காலில் வளர்த்து, நீர் ஊற்றாத தோட்டத்துக்கு முதல் தேர்வாக வைத்திருக்கிறார்கள். நம் நெடுஞ்சாலை நடுத்திட்டில் பூப்பது தென் அமெரிக்கக் காகிதப்பூவும் டெகோமாவும். டேங்கர் லாரி அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறது. அதே மஞ்சளை, தண்ணீரே கேட்காமல், ஆவாரை தரும். கோவையில் லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகமும் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகமும் அருகருகே இருக்கின்றன. கௌலி பிரவுன் ரோட்டில் வன மரபியல் நிறுவனம் 1988 முதல் இயங்குகிறது. செடியைப் பற்றிய அறிவுக்கு இந்த நகரத்தில் குறைவில்லை. நாற்றுப்பண்ணைகளில் ஆவாரங்கன்று கிடைக்கச் செய்வது இவர்களுக்குப் பெரிய காரியமே அல்ல.

அதுவரை நாம் செய்யக்கூடியது எளிது. ஓடைக்கரை, வரப்பு, மனையின் ஓரம் எங்கே ஆவாரை இருந்தாலும் அதை விட்டுவைக்கச் சொல்லுங்கள். காப்புக்கட்டுக்கு வெட்டும்போது பூங்கொத்தை மட்டும் கிள்ளச் சொல்லுங்கள். காய் முற்றிக் காய்ந்து சலசலக்கும்போது ஒரு கைப்பிடி சேகரியுங்கள். கொதிக்க வைத்து இறக்கிய நீரை விதையின் மேல் ஊற்றி, ஓர் இரவு ஊற விட்டு, புரட்டாசிக் கடைசியில் வடகிழக்கு மழைக்கு முன் வெயில் படும் மேட்டில் விரல்நுனி ஆழத்தில் ஊன்றுங்கள். முதல் கோடைக்கு மட்டும் எப்போதாவது ஒரு செம்பு தண்ணீர் போதும். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.